இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

அத்தியாயம் பதினேழு

மேஸ்திரியைப் போன வாரம் எந்தக் கோலத்தில் விட்டுவந்தோம் என்பது நினைவிருக்கும். மகள் ஓட்டிவந்து வாசலுக்குள் நிறுத்திய வெள்ளைக் காரை மூன்று சுற்றுச் சுற்றினார். கதவைத் திறந்து குனிந்து மூன்றாவது பெடலைத் தேடினார். அது இல்லை என்று தெரிந்ததும், சாப்பிடாமல் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மேஸ்திரி என்றால் கியர்பாக்ஸ் மேஸ்திரி. முப்பத்தைந்து வருடமாக ஒரே பட்டறை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆட்டோமேட்டிக் வண்டி யாராவது கொண்டுவந்தால், "அடுத்த தெருவுக்குப் போங்க, அங்க கம்ப்யூட்டர் வச்சு வைத்தியம் பாக்குறாங்க" என்று அனுப்பிவிடுவார். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள், ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம் என்று அச்சடித்த லைசென்ஸோடு வீட்டுக்கு வந்தபோது, இரண்டு நாள் அவளோடு பேச்சு வார்த்தையே இல்லை.

"அம்மாவுக்குத்தான்பா வாங்கினேன்" என்று மகள் சொல்லியிருந்தாள். "அவங்களுக்குத்தான் கிளட்ச் வராதே."

அம்மாவுக்குக் கிளட்ச் வராது என்பது அவரே ஊரெல்லாம் சொல்லிப் பரப்பிய கதை. கல்யாணமான புதிதில் தண்ணீர்த் தொட்டி ஏற்றத்தில் மனைவிக்கு வண்டி பழக்கினார். பதினோரு தடவை வண்டியை அணைத்தாள். பன்னிரண்டாவது தடவை இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். இருபத்தாறு வருடமாக அந்தக் கதையை, எஞ்சின் விக்கி விக்கிச் சாகும் சத்தத்தோடு, அவர் சொல்லாத வீடு சொந்தத்தில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அவர் வெள்ளைக் காரின் சாவியை எடுத்தார்.

எட்டு மணிக்கு மனைவிக்குப் பழக்குவதாக ஏற்பாடு. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தடுமாறக் கூடாதே என்று, யாரும் எழுந்திருக்கும் முன்னால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட நினைத்தார்.

வண்டி சொல்பேச்சுக் கேட்டது. தெருவைத் தாண்டி, பூங்காவைச் சுற்றி, ரொட்டிக் கடை வரைக்கும் போனார். கை கியரைத் தேடிப் போய்ப் போய் வெறுமனே திரும்பியது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது வெண்ணெயில் கத்தி போவது போல் போனது. நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அதட்டி உட்கார வைத்தார்.

திரும்பி வரும்போது மனைவி எழுந்திருந்தாள். கேட்டைத் திறந்து, இடது பக்கத் தூண் ஓரமாக நின்று, அவர் உள்ளே வருவதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது. மாட்டிக்கொண்டோமே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த ஒரு நொடியில் மூளை ஒதுங்கிக்கொண்டு முப்பத்தைந்து வருடப் பழக்கம் வண்டியை ஓட்டியது. நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு காலும் சேர்ந்து இறங்க வேண்டும். இடது கால் கிளட்ச் என்று நினைத்து அகலமான பிரேக் பெடலின் மேல் மொத்தமாக விழுந்தது. வண்டி சுவரில் மோதியது போல் நின்றது. உடம்பு முன்னால் போனது. தடுமாறிய வலது கால் எதையோ அழுத்தியது. அது ஆக்ஸிலரேட்டர். பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க வேண்டிய இடது கால் அங்கே இல்லை. எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

கார் பாய்ந்தது. தூண் இடிந்து சரிந்தது. வெடித்த சத்தத்தோடு ஒரு வெள்ளைப் பை அவர் முகத்தில் வந்து அறைந்தது.

அதன் பிறகு அமைதி. காருக்குள் மாவு போல் தூசி மிதந்தது. அந்தப் பைக்கு மேலே, உடைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மனைவியின் தலை தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. கூப்பிட வாயைத் திறந்தார். இருபத்தாறு வருடமாகக் கூப்பிட்ட பெயர் வரவில்லை. காற்றுதான் வந்தது.

பக்கக் கண்ணாடியில் டக்டக்கென்று தட்டும் சத்தம்.

"எஞ்சினை ஆஃப் பண்ணுங்க" என்றாள் மனைவி.

அவள் ஒரு காலில்தான் செருப்புப் போட்டிருந்தாள். இன்னொன்று செங்கல் குவியலுக்கு அடியில் கிடந்தது. அவள் நின்ற இடம் அதுதான். எப்படி விலகினாள், எந்த நொடியில் விலகினாள் என்று அவருக்குப் புரியவில்லை. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையைக் காட்டுங்க" என்றாள்.

வலது மணிக்கட்டு வளைந்த கரண்டி மாதிரி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வலி வந்தது.

மகள் இரவு உடுப்போடு ஓடிவந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். பைபாஸில் பெரிய விபத்து, நாற்பது நிமிடமாவது ஆகும் என்றார்கள். வெள்ளைக் கார் இடிந்த தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அதன் ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் மேஸ்திரியின் பழைய கார் நின்றது. புது வண்டிக்கு இடம் வேண்டுமென்று நேற்றுத்தான் அதை வெளியே தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

"என்னால அத ஓட்ட முடியாதும்மா" என்றாள் மகள். "எனக்கு லைசென்ஸும் இல்ல, தெரியவும் தெரியாது."

"உன்ன யார் ஓட்டச் சொன்னா? அப்பாவைப் பிடிச்சு பின்னாடி உக்கார வை" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனாள். வேறு செருப்பும் கைப்பையும் பழைய காரின் சாவியுமாக வந்தாள்.

"யார் ஓட்டுறது?" என்றார் மேஸ்திரி.

"முதல்ல ஏறுங்க."

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருத்தினாள். கியரை ஆட்டி நியூட்ரலைப் பார்த்தாள். இதையெல்லாம் யோசிக்காமல் செய்தாள், வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கிற மாதிரி. மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வண்டி கிளம்பியிருந்தது. குலுங்கவில்லை.

அந்தப் பழைய காருக்கு ஒரு குணம் உண்டு. இரண்டாவது கியர் நேராகப் போட்டால் விழாது. தன் பக்கமாக ஒரு நூல் அளவு இழுத்து, அரை மூச்சு பொறுத்து, பிறகு தள்ள வேண்டும். உலகத்தில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று இருந்தார். அவள் இழுத்தாள், பொறுத்தாள், தள்ளினாள். சத்தமே இல்லாமல் விழுந்தது.

தண்ணீர்த் தொட்டி ஏற்றத்தில், சரியாக நடு ஏற்றத்தில், முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டது. பின்னால் ஒட்டினாற்போல் ஒரு பால் வண்டி.

"ஹேண்ட்பிரேக்கைப் பிடி" என்று கத்தப் போனார். அது முன்பே மேலே ஏறியிருந்தது. லாரி நகர்ந்ததும் எஞ்சின் சத்தம் ஒரு இழை கூடியது, காரின் முன்பக்கம் லேசாக நிமிர்ந்தது, ஹேண்ட்பிரேக் இறங்கியது. ஒரு விரற்கடை கூடப் பின்னால் போகவில்லை. அப்படி ஏற்றத்தில் எடுப்பதற்குப் பட்டறையிலேயே இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். அதில் ஒருவர் மேஸ்திரி.

கை வலி எங்கே போனது என்று தெரியவில்லை. பின் சீட்டில் வாயைத் திறந்தபடி, மனைவியின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரை ஓடிய அந்தக் கொண்டையை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. எப்போதும் அது அவருக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

"இதுக்கு ரெண்டாவது கியர் எப்படி விழும்னு உனக்கு யார் சொன்னா?"

"இருபத்தாறு வருஷமா பக்கத்து சீட்டுல என்ன, கண்ணை மூடிட்டா உக்காந்திருந்தேன்?" என்றாள். "கையை ஆட்டாம வாங்க."

மருத்துவமனை வந்தது. முன்வாசலைத் தாண்டி அவள் நேராகப் போனாள்.

"தாண்டிட்டோம்மா. வாசல் அங்க இருக்கு" என்றாள் மகள்.

"அங்க நிறுத்த இடம் கிடைக்காது" என்று பக்கத்துச் சந்தில் திருப்பினாள். சந்தின் கடைசியில் ஒரு தடுப்புக் கம்பம். காவலாளி எட்டிப் பார்த்து, சிரித்து, கம்பத்தை உயர்த்தினார்.

"என்ன வேன் அக்கா, ஞாயித்துக்கிழமையும் ஓட்டமா? நம்ம வேன் எங்க?"

"வீட்டுக்காரருக்கு அடிபட்டிருக்குண்ணே. துணி லிஃப்ட்ல ஏத்திட்டுப் போயிடட்டுமா? எக்ஸ்ரே பக்கத்துல விட்டுடும்ல."

"கேக்கணுமா? போங்க போங்க." காவலாளி குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். "சார்தானா அது? சார், உங்க வீட்டம்மா மாதிரி இந்தச் சந்துல ரிவர்ஸ் எடுக்க ஆளே கிடையாது சார். ஆம்புலன்ஸ் டிரைவர்லாம் வேடிக்கை பாப்பாங்க."

மேஸ்திரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது.

லிஃப்டில் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் மூன்று பேரும் நின்றார்கள்.

மனைவி சலவை நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். மருத்துவமனைகளின் விரிப்பும் உறையும் அங்கேதான் வெளுப்புக்குப் போகின்றன. அவள் அவற்றை எண்ணி மடித்து அடுக்குகிறாள் என்றுதான் பன்னிரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"வேன் அக்கான்னா என்ன?" என்றார்.

"சலவை வேன்."

"அதுல உனக்கு என்ன வேலை?"

"ஓட்டுறது."

"எத்தனை நாளா?"

"பதினோரு வருஷம் முடியப் போகுது."

லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறியது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையே அவருக்குப் போதுமாக இருந்தது.

"உனக்குத் தெரியுமா குட்டி?"

"ஒன்பதாவது படிக்கிறப்பவே தெரியும்பா. ஒருநாள் மழைல மாட்டிக்கிட்டேன். அம்மா வேன்ல வந்து கூட்டிட்டுப் போனாங்க. எங்க கிளாஸே வேடிக்கை பாத்துச்சு."

"என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே."

லிஃப்ட் கதவு திறந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டில் ஒரு எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டால் ஆறு வாரத்தில் கூடிவிடும் என்றார் பணியிலிருந்த பெண் டாக்டர். இளவயது, சிரிக்காத முகம். கட்டுப் போட்டு முடித்து, கையுறையைக் கழற்றியவர் மனைவியைப் பார்த்து, "வேற ஏதாவது?" என்றார்.

"இடது காலையும் கொஞ்சம் பாருங்க டாக்டர், செருப்பு கழண்டு கழண்டு விழுது" என்றாள் மனைவி.

"காலுக்கு என்ன? காலுக்கு ஒண்ணுமில்ல" என்றார் மேஸ்திரி.

"எத்தனை மாசமா இப்படி?" என்று டாக்டர் அவரைக் கேட்கவில்லை. மனைவியைக் கேட்டார்.

"ஆறு மாசம் இருக்கும். படியில கால் விரல் தட்டும். வீட்டுல இடது கால் மட்டும் தேச்சுத் தேச்சு நடக்குற சத்தம் கேக்கும்."

மேஸ்திரி மனைவியை வெறித்துப் பார்த்தார். அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. செருப்பு பழசு, அதனால் கழல்கிறது என்று இரண்டு ஜோடி மாற்றியிருந்தார்.

டாக்டர் அவரைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொன்னார். "காலில ஊசி முனையால தொடுவேன். குத்துற மாதிரி இருந்தா குத்துதுன்னு சொல்லுங்க, மழுங்கலா இருந்தா அதைச் சொல்லுங்க."

வலது காலில் தொட்டார். குத்துது என்றார் மேஸ்திரி. மறுபடி தொட்டார். குத்துது. சுண்டு விரல், பெருவிரல், குதிகால் என்று சரசரவெனச் சொல்லிக்கொண்டே போனார். பரீட்சையில் பாஸாகிற தெம்பு வந்தது.

பிறகு டாக்டர் நிறுத்திவிட்டார். மேஸ்திரி காத்திருந்தார். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் ஏதோ எழுதுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்தார்.

"இடது கால் எப்ப ஆரம்பிக்கப் போறீங்க டாக்டர்?" என்றார்.

"முடிச்சுட்டேன்" என்றார் டாக்டர். "கண்ணைத் திறக்கலாம்."

அவர் திறந்தார். இடது பாதத்தின் மேல்புறம் முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். டாக்டரின் விரல்கள் அப்போதும் அவர் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்தார். பார்க்காவிட்டால் தெரிந்திருக்காது.

அது தன் கால் இல்லை என்று ஒரு கணம் தோன்றியது. யாரோ ஒருவருடைய காலைக் கொண்டுவந்து தன் முழங்காலுக்குக் கீழே ஒட்டவைத்துவிட்டார்கள்.

"கீழ் முதுகுல ஒரு நரம்பு அழுந்தியிருக்கலாம். ஸ்கேன் எடுத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். "வண்டி ஓட்டுறவரா?"

"கியர்பாக்ஸ் மேஸ்திரி" என்றாள் மனைவி, அவருக்குப் பதிலாக.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் எந்த வண்டியும் வேண்டாம். அப்புறமும் கிளட்ச் வண்டி ஓட்டுற எண்ணத்த விட்டுடுங்க. கிளட்ச் எவ்வளவு இறங்கியிருக்குன்னு இந்தக் காலுக்குத் தெரியாது. கை சரியாச்சுன்னா ஆட்டோமேட்டிக் ஓட்டலாம். அதுக்கு இடது கால் வேண்டாமே" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

ஸ்கேனுக்குப் பதினொரு மணிக்கு நேரம் கொடுத்தார்கள். அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, நடைபாதை ஓரமாக நிறுத்தினார்கள். மகள் ரசீதுச் சீட்டு வாங்க வரிசையில் போய் நின்றாள்.

மேஸ்திரி மனைவியைப் பார்த்துச் சொன்னார், "அந்தக் கார் உனக்கு வாங்கினது இல்ல."

"இல்ல."

"எனக்கா?"

"வேற யாருக்கு?" என்றாள். "தினமும் காலைல நீங்க வண்டி எடுக்குற சத்தம் எனக்கு அடுப்படியில கேக்கும். ஆறு மாசமா கியர் கரகரன்னு கேக்குது. மத்தவன் போட்டா சரி, உங்க கையில. அதுவும் அந்த வண்டியில. கிளட்ச் முழுசா இறங்கலைன்னு எனக்குத் தெரியாதா? குட்டிகிட்ட சொன்னேன். உங்ககிட்ட நேரா சொன்னா நீங்க பட்டறையிலேயே போய்ப் படுத்துக்குவீங்க. அதான் எனக்குன்னு சொல்லச் சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. குற்றம் சொல்லும் குரலும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நீ வேன் ஓட்டுறத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேங்க."

"எப்ப?"

"முதல் நாளே. சாப்பிட்டுட்டு இருந்தீங்க. இன்னைக்கு நான் வேனை ஓட்டினேன்னு சொன்னேன். தண்ணி புரையேறுற வரைக்கும் சிரிச்சீங்க. எந்த வேன், பொம்மை வேனான்னு கேட்டீங்க. அடுத்த வாரம் உங்க அக்கா வீட்டுல அதையும் சேத்துச் சொன்னீங்க. பதினோரு தடவை அணைச்சவ இப்ப கனவுல வேன் ஓட்டுறான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் டீ ஊத்திக்கிட்டே சிரிச்சேன்."

மேஸ்திரிக்கு நினைவு வந்தது. அக்காவின் வீடு, எதிரே உட்கார்ந்திருந்த முகங்கள், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தட்டில் டீயோடு நின்றவளின் முகம் மட்டும் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. அப்போது அதை அவர் பார்க்கவில்லை.

"தப்புதான்" என்றார். அந்த வார்த்தையை அவர் வீட்டில் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்ததில் அது மிகவும் சின்னதாக இருந்தது.

அவள் அவருடைய கட்டுப் போட்ட கையைத் தூக்கி நாற்காலியின் கைப்பிடியில் சரியாக வைத்தாள். "காரைப் பின்வாசல்ல குறுக்க விட்டுட்டு வந்தேன். நாளைக்குத் துணி வண்டி வர்ற இடம், ஓரமா போட்டுட்டு வந்துடுறேன். இதைப் பிடிங்க." கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு நடந்தாள். அந்த நீளமான நடைபாதையில் எதிரே வந்த இரண்டு நர்சுகள் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருவர் அவள் தோளைத் தட்டி நலம் விசாரித்தார். இத்தனை பேருக்குத் தெரிந்த ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஸ்கேன் அறையிலிருந்து ஒரு பணியாளர் வந்தார். "கூட வந்தவங்க அடையாள அட்டை ஒண்ணு வேணும். நம்பர் எழுதிக்கிட்டுக் கொடுத்துடுவோம்."

மேஸ்திரி இடது கையால் பையின் முன்பக்க ஜிப்பைத் திறந்தார். லைசென்ஸ் மேலேயே இருந்தது. மனைவியின் படம், பதினோரு வருடத்துக்கு முந்தைய முகம். வாகன வகைகள் வரிசையாக இருந்தன. கார், வேன், அதற்குக் கீழே கனரக வாகனம், அதற்கும் கீழே பயணிகள் பேருந்து. ஆட்டோமேட்டிக் மட்டும் என்ற கட்டுப்பாடு எதுவும் அதில் இல்லை. பேருந்துக்கான தேதி இந்த வருடத்தது.

பணியாளர் எண்ணை எழுதிக்கொண்டு போனார்.

லைசென்ஸைத் திரும்ப வைக்கும்போது அதற்குப் பின்னால் ஒரு காகிதம் தட்டுப்பட்டது. நான்காக மடித்தது. பலமுறை பிரித்துப் பிரித்து மடிப்புகள் துணி மாதிரி மெலிந்திருந்தன. பார்க்கக் கூடாது என்று தெரிந்தது. பார்த்தார்.

மலைப்பாதைப் பேருந்து நிறுவனத்தின் கடிதம் அது. மேனுவல் கியர் பேருந்துக்கான ஓட்டுநர் தேர்வில் நாற்பத்தொரு பேரில் முதலிடம் பெற்றதற்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். ஒன்றாம் தேதி காலை பணியில் சேர வேண்டும். தங்குவதற்கு அறை தரப்படும். நிறுவனம் இருக்கும் ஊர் இங்கிருந்து ஏழு மணி நேரப் பயணம்.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்.

"என்னப்பா அது?" என்று சீட்டோடு வந்து நின்றாள் மகள். அவர் நீட்டினார். அவள் வாசித்தாள். முதலில் ஒருமுறை, பிறகு மெதுவாக இன்னொரு முறை. அவள் முகம் வெளுத்தது.

"இது எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். "சத்தியமா தெரியாது."

நடைபாதையின் மறுமுனையில் மனைவி வந்துகொண்டிருந்தாள். தூரத்திலேயே மகள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டாள். நடை குறையவில்லை. வந்து, மகளிடமிருந்து அதை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பதில் போட்டுட்டியா?" என்றார் மேஸ்திரி.

"போட்டுட்டேன்."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம். புது வண்டி வீட்டுக்கு வந்துருச்சு, இனி நீங்க யாரையும் எதிர்பாக்க வேண்டாம்னு நெனச்சேன்."

"என்னன்னு போட்ட?"

அவள் அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் கண் கலங்கியிருந்தது.

"வர்றேன்னு" என்றாள்.

ஸ்கேன் அறையின் கதவு திறந்தது. பணியாளர் சக்கரத்தின் பூட்டை விடுவித்து நாற்காலியைத் தள்ளினார். மேஸ்திரி கழுத்தைத் திருப்பிப் பார்க்கப் பார்க்க, அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்து நின்ற அந்த இடம் சிறிதாகிக்கொண்டே போனது. கதவு மூடிக்கொண்டது.

குளிர்ந்த மேசையில் படுக்க வைத்தார்கள். காதில் பஞ்சு வைத்தார்கள்.

"இருபது நிமிஷம் ஆடாம அசையாம இருக்கணும்" என்றது ஒலிபெருக்கிக் குரல். "முக்கியமா காலை அசைக்காதீங்க."

"இடது கால் அசையுதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார் மேஸ்திரி.

மேசை மெல்ல உள்ளே நகர்ந்தது. வெளியே வந்ததும் அவளிடம் பேச வேண்டும். போகாதே என்று ஒரு வார்த்தை இருந்தது. போய்விட்டு வா என்று இன்னொன்று இருந்தது. எது முதலில் வெளியே வரும் என்று தெரியாமல், கண்ணைத் திறந்தபடியே அவர் அந்த வெள்ளைக் குழாய்க்குள் போனார்.